தானே புயலுக்குப் பயந்து வாங்கிய ஹார்ட் டிஸ்க்

போன மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி என் கடைக்கு வந்தார். அவரும் என்னைப் போல டிடிபி கடை, அதாவது கணினியில் பத்திரிகை, நோட்டீஸ் வடிவமைத்துத் தரும் கடை, வைத்திருப்பவர். அவசரமாக ஒரு மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை முடிக்க வேண்டும், உங்கள் கணினியில் ஒரு மணி நேரம் உட்காரலாமா என்று கேட்டார். "உங்கள் சிஸ்டத்துக்கு என்ன ஆயிற்று?" என்றேன். "ரிப்பேர் அண்ணே, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பொய் எனக்கு நெருங்கிய பழக்கம். 2023 ஆகஸ்ட்டில் அதே வார்த்தைகளை முப்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன். "கோப்புப் பெயருக்குப் பின்னால் நான்கு எழுத்து புதிதாக ஒட்டிக்கொண்டிருக்கிறதா?" என்று கேட்டேன். கையிலிருந்த பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தில் இரண்டு ஆண்டுகளாக நான் மூடிவைத்திருந்த கதையை அன்று அவரிடம் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 2005 முதல் கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, பில் புத்தகம், இடையிடையே ஆன்லைன் விண்ணப்பம். இரண்டு கணினி, ஒன்றில் நான், இன்னொன்றில் மனைவி கணக்கும் பில்லும் பார்ப்பாள். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது கடையின் தகரக் கூரை பறந்து, கணினிக்குள் தண்ணீர் புகுந்தது. ஆறு ஆண்டு வேலை போயிற்று. கரண்ட் வருவதற்கே பல நாள் ஆயிற்று, அதனால் போனது என்னவென்று கூட உடனே தெரியவில்லை. பொங்கல் கழித்து முதல் காரியமாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். தினமும் இரவு எல்லாவற்றையும் அதில் நகலெடுத்துவிட்டுத்தான் கடையைப் பூட்டுவேன். பன்னிரண்டு ஆண்டுகள் தவறவே இல்லை. "நான் பேக்கப் வைத்திருக்கிறேன்" என்று தொழிலில் இருப்பவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு. அந்த டிஸ்க்கை ஒரு நாளும் கணினியிலிருந்து கழற்றியதில்லை என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. தண்ணீருக்குப் பயந்து வாங்கியது அது. தண்ணீர் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்பதுதான் என் கணக்கு.

2023 ஆகஸ்ட் 13, ஆடி மாதத்துக் கடைசி ஞாயிறு. ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகை வேலை கழுத்தை நெரிக்கும் நேரம். புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் ஒரு வேலையைப் பாதி முடித்து அனுப்பியிருந்தார். அவரிடம் இருப்பது கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்பு, என்னிடம் இருப்பது பழையது. புதியதில் சேமித்த கோப்பு பழையதில் திறக்காது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தினப்படித் தலைவலி. "பழைய வெர்ஷனில் சேமித்து அனுப்புங்கள்" என்று ஒரு போன் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை, அவர் குடும்பத்தோடு எங்காவது போயிருப்பார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: என்னிடம் புதிய பதிப்பு இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாக இருந்தது. புதிய பதிப்பின் கிராக்கை, அதாவது காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியை, இணையத்தில் தேடினேன்.

கிடைத்தது கடவுச்சொல் போட்டுப் பூட்டிய ஒரு ஜிப் கோப்பு. கூடவே குறிப்பு: "நிறுவும்போது ஆண்டிவைரஸை அணைத்துவிடவும், அது தவறாக எச்சரிக்கும்." வீட்டுக்கு வருகிற விருந்தாளி, நாயை முதலில் கட்டிப்போடுங்கள் என்று சொன்னால் நியாயம். நாயை வெளியே துரத்திவிடுங்கள் என்று சொன்னால் சந்தேகம் வர வேண்டாமா? எனக்கு வரவில்லை. பல ஆண்டுகளாக இப்படியே எத்தனையோ நிறுவியிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஜிப்புக்குக் கடவுச்சொல் எதற்கு என்று பிறகுதான் புரிந்தது. உள்ளே இருப்பதை ஆண்டிவைரஸ் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு. இந்த இரண்டும், பூட்டிய ஜிப்பும் ஆண்டிவைரஸை அணைக்கச் சொல்லும் குறிப்பும், ஒன்றாக வந்தால் அந்த இடத்திலேயே மூடிவிட்டு எழுந்துவிடுங்கள்.

அமைவுக் கோப்பைத் தட்டினேன். எதுவும் திறக்கவில்லை. சற்று நேரத்தில் விண்டோஸ் புதுப்பிக்கப்படுகிறது என்று ஒரு சிறு பெட்டி வந்தது, சதவீதம் ஏறிக்கொண்டே போனது. அது முடியட்டும் என்று டீ குடிக்கப் போனேன். அந்தப் பெட்டி பொய். கோப்புகளைப் பூட்டும் வேலை நடக்கும்போது வட்டு கரகரவென்று ஓடும், கணினி மெதுவாகும். பார்ப்பவனுக்குச் சந்தேகம் வராமலிருக்க அந்தத் திரையைக் காட்டுகிறார்கள். நான் லாரன்ஸ் ரோட்டில் நின்று வடையைத் தேங்காய்ச் சட்னியில் தொட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் பன்னிரண்டு ஆண்டு வேலை பூட்டப்பட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது படங்கள், பத்திரிகைகள், கணக்குகள் எல்லாவற்றின் சின்னங்களும் வெள்ளைத் தாளாக மாறியிருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் பொருளில்லாத நான்கு எழுத்து வால். வெளி டிஸ்க்கைத் திறந்தேன். அதிலும் அதே வால். என் பேக்கப்பும் மேசையில் அதே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்ததால் கணினிக்கு அது இன்னொரு அலமாரி, அவ்வளவுதான். காலுக்குக் கீழே தரை நழுவுவது என்று எழுதுவார்களே, எனக்கு அப்படி எதுவும் இல்லை. வாய் உலர்ந்து, கழுத்துக்குப் பின்னால் வேர்த்தது, நாற்காலியை விட்டு எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு வந்த முதல் எண்ணம்.

ஒவ்வொரு கோப்புறையிலும் ரீட்மீ என்றொரு உரைக் கோப்பு. 980 டாலர் கட்டினால் சாவி தருவோம், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி, 490 டாலர் போதும். ஆடித் தள்ளுபடிதான். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 40,700 ரூபாய். இந்த வகை நிரலுக்கு ஸ்டாப் என்று பெயர், டிஜாவு என்றும் சொல்வார்கள். பெரிய நிறுவனங்களைக் குறிவைப்பதில்லை, கிராக் தேடும் என்னைப் போன்றவர்கள்தான் அதன் வாடிக்கையாளர்கள். அதுவரை இந்தப் பணயத் தாக்குதல் எல்லாம் எனக்குப் பத்திரிகைச் செய்தி. 2017 மே மாதம் வான்னாக்ரை வந்தபோது படித்தேன். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கி, கையால் எழுதி நோயாளிகளைப் பார்த்தார்கள் என்றும் படித்தேன். செய்தியில் வருவது எல்லாம் பெரிய இடம். திருப்பாதிரிப்புலியூர் டிடிபி கடையின் பெயர் எந்தச் செய்தியிலும் வராது, அதனால் அங்கே அது நடக்காது என்று என் மனம் கணக்குப் போட்டிருந்தது.

இனி நான் சொல்லப்போகும் இரண்டு நாள்தான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் கசப்பானது. வைரஸ் செய்த சேதம் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. மீதிச் சேதத்தை வெட்கத்தால் நானே செய்தேன். யாரிடமும் சொல்லாமல் சரிசெய்துவிடலாம் என்று கோப்புப் பெயரிலிருந்து அந்த நான்கு எழுத்தை ஒவ்வொன்றாக அழித்தேன். பயனில்லை, வீட்டு எண் பலகையைக் கழற்றினால் பூட்டு திறக்குமா? ரீட்மீ கோப்புகளைக் கண்ட இடத்தில் எல்லாம் ஆத்திரத்தோடு அழித்தேன். அதில்தான் என் கணினிக்கென்று அவர்கள் கொடுத்த அடையாள எண் இருக்கிறது, மீட்க வழி உண்டா இல்லையா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும் என்பது தெரியாது. உதவி தேடினால் பாதுகாப்புத் தளங்கள் எதுவும் திறக்கவில்லை. இணையம்தான் போய்விட்டது என்று நினைத்துக் கேபிள்காரரைத் திட்டினேன், பாவம். அந்தத் தளங்களைத் திறக்கவிடாமல் கணினிக்குள்ளேயே அடைத்துவைப்பதும் இந்த நிரலின் வேலைகளில் ஒன்று. அந்த நேரத்தில் கைபேசியை எடுத்துத் தேடியிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை ஒரு கணினி மெக்கானிக்கிடம் "வைரஸ்" என்று மட்டும் சொன்னேன், கிராக் போட்டதைச் சொல்லவில்லை. பாதி உண்மையைக் கேட்ட மருத்துவர் என்ன செய்வார்? சி டிரைவை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவி 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பூட்டுவதற்கு முன் இருந்த மூலக் கோப்புகளில் சிலவற்றையாவது அந்த வட்டிலிருந்து தோண்டி எடுக்க வாய்ப்பு இருந்திருக்கலாம், அதன்மேல் புதிய விண்டோஸ் எழுதப்பட்டுவிட்டது. அன்று மாலை, தரவு மீட்பு என்று விளம்பரம் செய்யும் சென்னை நிறுவனம் ஒன்றுக்குப் போன் செய்தேன். நூற்றுக்கு நூறு மீட்டுத் தருவோம், 45,000 ஆகும், 15,000 முன்பணம் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். மனைவியிடம் சொல்லவில்லை. இரவு அவள் சங்கிலியை எந்தக் கடையில் வைத்தால் வட்டி குறைவு என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சுதந்திர தின விடுமுறை. சென்னையில் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருக்கும் என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்து அவளாகக் கேட்டாள், சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சித்தப்பா, அந்த வெளி டிஸ்க்கை முதலில் கழற்றுங்கள்" என்றாள். இரண்டு நாளாக அது அப்போதும் சொருகியபடிதான் இருந்தது. பிறகு அவள் கேட்டது, "இந்தக் கணினியில் எந்தெந்தக் கடவுச்சொல்லைச் சேமித்து வைத்திருக்கிறீர்கள்?" எல்லாவற்றையும்தான். மின்னஞ்சல், வங்கி, கடையின் பேஸ்புக் பக்கம், வாடிக்கையாளர்களின் விண்ணப்பக் கணக்குகள். பூட்டுவது ஒரு பக்கம் நடக்கும்போது இந்தக் கும்பல் கடவுச்சொற்களைத் திருடும் இன்னொரு நிரலையும் கூடவே இறக்கிவிடுவது வழக்கம் என்றாள். கைபேசியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினோம். மாற்றினால் மட்டும் போதாது, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்த வேண்டும்; ஏற்கெனவே உள்ளே நுழைந்து உட்கார்ந்திருப்பவனுக்குப் புதிய கடவுச்சொல் தேவையில்லை, ஓடிபியும் தேவையில்லை. பேஸ்புக் பக்கத்துக்கு நாங்கள் போவதற்குள் யாரோ போய்விட்டார்கள். நாலாயிரம் பேர் பின்தொடர்ந்த பக்கம். இன்றுவரை திரும்பவில்லை.

அடையாள எண் வெளி டிஸ்க்கில் நான் அழிக்காமல் விட்ட ஒரு ரீட்மீயில் இருந்தது. அவள் அதன் கடைசி எழுத்துகளைப் பார்த்தாள். இந்த நிரல் தாக்கும்போது அவர்களுடைய சர்வரைத் தொடர்புகொள்ள முடிந்தால் உங்களுக்கென்று தனிச் சாவி ஒன்றை வாங்கிப் பூட்டும். தொடர்பு கிடைக்காவிட்டால் கையோடு கொண்டுவந்த பொதுச் சாவியால் பூட்டும். அப்படிப் பூட்டப்பட்டவர்களின் எண் டி1 (t1) என்று முடியும். பொதுச் சாவியை என்றாவது யாராவது கண்டுபிடித்தால் எல்லோருக்கும் திறக்கும், அதற்கு எம்சிசாஃப்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2019 முதல் இலவசக் கருவி தருகிறது. நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய நோ மோர் ரேன்சம் தளத்தில் இப்படிப் பல கருவிகள் இருக்கின்றன. பணம் கேட்பவனிடம் போவதற்கு முன் போக வேண்டிய இடம் அதுதான். என் எண் டி1 என்று முடியவில்லை. என் கடையில் இணையம் அன்று மிக நன்றாக வேலை செய்திருக்கிறது.

சென்னை நிறுவனத்தின் கணக்கை அவளிடம் சொன்னபோது சிரித்துவிட்டாள். "அவன் கேட்பது நாற்பதாயிரத்துச் சொச்சம், இவர்கள் கேட்பது நாற்பத்தைந்து. தனிச் சாவியால் பூட்டியதை வேறு எப்படித் திறப்பார்களாம்?" அவர்களுக்கே போன் செய்து எந்த முறையில் மீட்பீர்கள் என்று கேட்டாள், தொழில் ரகசியம் என்றார்கள். அவனுக்கே பணம் கட்டிச் சாவி வாங்கித் தரும் இடைத்தரகு வேலையாக இருக்கும் என்பது அவள் ஊகம். நான் நிரூபிக்க முடியாது. பத்து நாள் சண்டை போட்டு 5,000 திரும்ப வந்தது. உங்களிடம் யாராவது நூற்றுக்கு நூறு என்று சொன்னால், ஒரே ஒரு கோப்பை முதலில் திறந்து காட்டச் சொல்வதோடு, எப்படித் திறந்தீர்கள் என்றும் கேளுங்கள். ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து காட்டுவதைக் கொள்ளைக்காரனே செய்கிறான்.

திரும்பக் கிடைத்ததும் கொஞ்சம் உண்டு, அது கிடைத்த விதம் வேடிக்கை. இந்த நிரலுக்கு அவசரம். ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடும். சின்னக் கோப்புகள் முழுதாகப் போய்விடும். ஆனால் நான் 2014 முதல் 2018 வரையிலான வேலைகளை ஆண்டுக்கு ஒன்றாகப் பெரிய பெரிய ஜிப்பாகக் கட்டி வைத்திருந்தேன். இடம் மிச்சம் பிடிக்கச் செய்தது. அந்த மூட்டைகளில் முன்னால் இருந்த ஒன்றிரண்டு கோப்புகள் மட்டும் கெட்டு, மற்றவை ஜிப்பைப் பழுதுபார்க்கும் மென்பொருளில் முழுதாக வெளியே வந்தன. அடுத்து, சிவகாசி அச்சகத்துக்கு நான் மின்னஞ்சலில் அனுப்பிய பிடிஎஃப்கள். அனுப்பியவை பெட்டியைத் திறந்தால் நான்கு ஆண்டு வேலை அப்படியே உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு ஆண்டு பக்தியாக எடுத்த பேக்கப் கைவிட்டது, சோம்பேறித்தனமாக அழிக்காமல் விட்ட மின்னஞ்சல் காப்பாற்றியது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியவை மங்கிப்போயிருந்தன, அச்சுக்கு ஆகாது.

பிடிஎஃப் கிடைத்துவிட்டதே, அதிலிருந்து எழுத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அங்கே அடுத்த அடி. நாங்கள் தட்டச்சு செய்வது எல்லாம் பழைய எழுத்துருக்கள். திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே கணினி வைத்திருப்பது ஆங்கில எழுத்தின் எண். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. தமிழ் எழுத்துக்கென்றே தனி எண் தரும் முறைதான் யூனிகோட், தமிழ்நாடு அரசு 2010-இலேயே அதைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் நாங்கள் கற்றுக்கொண்ட பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு யூனிகோட் தெரியாது. அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்ததோடு சரி. எழுத்துருவுக்காக மென்பொருளையும், மென்பொருளுக்காக எழுத்துருவையும் கட்டிக்கொண்டு இந்தத் தொழிலில் பாதிப் பேர் இன்னும் அங்கேயே நிற்கிறோம். மென்பொருள் உலகமே செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறது, நல்லது. பத்திரிகை அடிக்கும் கடையில் இன்றும் ஒரு தமிழ்ப் பெயரைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் கணினிக்கு அது தமிழே இல்லை. எழுத்துரு மாற்றும் கருவிகளில் போட்டு எடுத்தோம், ஒற்றும் கொம்பும் இடம் மாறி வந்ததைக் கையால் திருத்தினோம்.

ஒரு கும்பாபிஷேக மலர், 112 பக்கம், பாதிக்கு மேல் முடிந்திருந்தது. தொகுத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மூன்று முறை புரூஃப் பார்த்திருந்தார். அவரிடம் மட்டும் பொய் சொல்ல முடியவில்லை, போய் எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "திருத்திய பிழைகளும் போய்விட்டனவா?" என்று கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தார். மூன்று புரூஃபும், சிவப்பு மையோடு, பக்க வரிசை மாறாமல். "தாள் பழைய ஆள், எதையும் மறக்காது" என்றார். அதை வைத்து இரண்டு பெண்கள் இருபது நாள் யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்தார்கள். அந்தப் பையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை, என் கடையிலேயே இருக்கட்டும் என்றுவிட்டார்.

இன்னொன்று. இதை எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். ஆன்லைன் வேலைக்காக வருகிறவர்களின் ஆதார், ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு கோப்புறையில் போட்டு வைத்திருந்தேன், அடுத்த முறை வந்தால் உதவும் என்று. ஏறத்தாழ அறுநூறு பேர். பூட்டப்பட்டது போகட்டும்; அதற்கு முன் யாராவது நகலெடுத்தார்களா? அண்ணன் மகளுக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "சொல்ல முடியவில்லை என்றால், போனதாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் சித்தப்பா." எண் இருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். ஆதாரின் கைரேகைப் பதிவை எம்ஆதார் செயலியில் பூட்டி வைக்கலாம், வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள் என்று சொன்னேன். பலருக்கு நான் சொன்னது புரியவில்லை. தேவனாம்பட்டினத்தில் ஒரு பாட்டி, "என் பேரில் எவனாவது கடன் வாங்கிவிடுவானா தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் கொடுத்து எண் வாங்கி வைத்தேன், பிறகு பிரச்சினை வந்தால் தேதியோடு காட்ட அதுவாவது இருக்கட்டும் என்று. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும், எனக்கு நல்லவேளையாக அது நேரவில்லை. இப்போது என் கடையில் வேலை முடிந்த அன்றே, வந்தவர் கண் முன்னாலேயே ஸ்கேனை அழித்துவிடுகிறேன். அடுத்த முறை வந்தால் மறுபடி ஸ்கேன் செய்ய இரண்டு நிமிடம் ஆகும், ஆகட்டும்.

செலவைச் சொல்கிறேன். மெக்கானிக்குக்கு 3,000. சென்னைக்குப் போனதில் திரும்பாதது 10,000. வேலை முடிக்காமல் திருப்பிக் கொடுத்த முன்பணமும் கடைசி நேரத்தில் வேறு கடையில் கொடுத்து முடித்துத் தந்ததில் கையைக் கடித்ததும் 14,500. தட்டச்சுக் கூலி 16,000. புதிய டிஸ்க் இரண்டு 9,000. ஆக 52,500, ஆவணி முழுக்க ஓடாத கடையைச் சேர்க்காமல். கொள்ளைக்காரனுக்குக் கட்டியிருந்தால் 40,700-தான். இந்தக் கழித்தல் கணக்கை நானும் பல இரவு போட்டிருக்கிறேன், போடவில்லை என்று சொன்னால் பொய். பணம் கட்டி மீட்டவர்கள் இருக்கிறார்கள், கட்டியும் சாவி கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். கட்டியிருந்தாலும் கடவுச்சொற்களும் ஸ்கேன்களும் திரும்பியிருக்காது என்பது ஒரு சமாதானம். நான் கட்டாததற்கு உண்மையான காரணம், அதைக் கட்டத் தேவையான பிட்காயின் என்ற இணையப் பணத்தை எப்படி வாங்குவது என்று எனக்குத் தெரியாது, தெரிந்த அண்ணன் மகள் வாங்கித் தர மாட்டேன் என்றுவிட்டாள்.

கிராக் போடாதே என்று நான் உபதேசம் செய்தால் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஒரு பத்திரிகை வடிவமைக்க முந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசும் ஊரில், மாதச் சந்தா கட்டு என்று மென்பொருள் நிறுவனங்கள் சொல்வது எப்படிப் பொருந்தும்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அன்று எனக்குத் தேவைப்பட்டது ஒரு கோப்பைத் திறப்பது மட்டும். இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபிஸ் டிரா இரண்டும் இலவசம், இரண்டும் கோரல்டிரா கோப்புகளைத் திறக்கப் பார்க்கும். எல்லாம் ஒழுங்காக வரும் என்று சொல்ல மாட்டேன், எழுத்து நகரும், நிழல் காணாமல் போகும். முயன்று பார்த்து வரவில்லை என்றால் அந்த ஐந்து நிமிடப் போனைச் செய்திருக்கலாம். இப்போது புதிய வேலைகளை இங்க்ஸ்கேப்பில், யூனிகோடில்தான் செய்கிறேன். பழைய கோரல்டிரா ஒரு மூலையில் இருக்கிறது, அதை இணையத்தோடு இணைப்பதில்லை.

பேக்கப் இப்போது இரண்டு டிஸ்க். திங்கள் ஒன்று, வியாழன் ஒன்று, நகலெடுத்து முடித்த உடனே கழற்றிவிடுவேன். கழற்றிய டிஸ்க்கைக் கடையில் வைப்பதில்லை. மாதம் ஒரு முறை, அதிலிருந்து ஏதாவது ஒரு பழைய பத்திரிகையை எடுத்து மனைவியின் கணினியில் திறந்து பார்ப்பேன்; எடுக்க முடிகிறதா என்று பார்க்காத பேக்கப்பை நான் இனி நம்புவதாக இல்லை. ஒரு டிஸ்க் வீட்டில், இன்னொன்று புதுச்சேரி ரெயின்போ நகரில் என் மைத்துனன் வீட்டில். இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி வைத்தாயிற்று என்று எனக்கு மறுபடி கொஞ்சம் பெருமை வந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஒரே நாளில் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக மழை. ரெயின்போ நகர் தண்ணீரில் நின்றது. மறுநாள் காலை மைத்துனன் போன் செய்தான். அவன் வீட்டுக் கட்டில் முங்கியிருக்கிறது, பிள்ளைகள் மாடியில் இருக்கிறார்கள், அந்த நேரத்திலும் அவன் சொன்னது: "மாமா, உங்கள் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன், கவலைப்படாதீர்கள்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு அடுத்த நாள் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரைபுரண்டு கடலூரின் ஓரங்களுக்குள் நுழைந்தது. எங்கள் தெருவுக்கு வரவில்லை. வந்திருந்தால் ஒரே வாரத்தில் இரண்டு டிஸ்க்கும் தண்ணீரைப் பார்த்திருக்கும்.

நெல்லிக்குப்பத்துத் தம்பியின் அடையாள எண்ணைப் பார்த்தோம். டி1 என்றுதான் முடிகிறது. அந்தச் சாவி இன்னும் கருவியில் சேரவில்லை, பூட்டிய கோப்புகளை அழிக்காமல் ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு மாதம் ஒரு முறை முயன்று பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அந்த டிஸ்க்கும் இப்போது என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. என்னுடைய மூன்றாவது நகல் கோயம்புத்தூரில் படிக்கும் மகனின் விடுதி அறைக்குப் போயிருக்கிறது, அவன் அதில் சினிமா ஏற்றாமல் இருக்க வேண்டும்.